சிந்தனையற்றவர் யார்?

சர்க்கார் காகிதத்தில் நல்ல தமிழை எதிர்பார்க்கிற அசட்டுத்தனம் எனக்கு இல்லை. ஆனால் சில சமயங்களில் ஒரே ஒரு சொல்லைப் போட்டு ஒரு ஜன சமூகத்தையே தீர்த்துக் கட்டிவிடுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஆட்டிசம் என்று டாக்டர்கள் சொல்கிற நிலையோடு பிறந்தவர்களுக்கு நம் மாநில அரசின் காகிதங்களில் வழங்கி வரும் பெயர், 'புற உலகச் சிந்தனையற்றோர்'. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குச் சொற்களின் மேல் கொஞ்சம் அக்கறை இருந்தே தீரும். ஆகவே என் சண்டையை இந்தச் சொல்லிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இந்தப் பெயரைப் படிக்கிற தாலுகா ஆபீஸ் குமாஸ்தா என்ன நினைப்பார்? மூலையில் ஒரு பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வெளியே நடப்பது ஒன்றும் தெரியாது. பாடம் சொல்லிக் கொடுப்பது கல்லுக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல வீண் வேலை. இப்படித்தான் நினைப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, பெயரே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்கள், வளர்ந்து பெரியவர்களாகி, தாங்களே வாய்திறந்தும் எழுதியும் சொல்லியிருப்பது இதற்கு நேர் விரோதம். அவர்களில் பலருக்குப் புற உலகம் அளவுக்கு மீறித் தெரிகிறது. உங்கள் காதிலும் என் காதிலும் விழாத டியூப்லைட்டின் ரீங்காரம் அவர்கள் காதில் விழுகிறது. சட்டைக் காலரில் தைத்திருக்கிற சின்னத் துணிச் சீட்டு அவர்கள் கழுத்தில் முள்ளாய்க் குத்துகிறது. பள்ளிக்கூட மணி அடித்தால் சிலருக்கு மண்டைக்குள்ளேயே அடித்த மாதிரி இருக்கிறது. அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். நாம் என்ன செய்கிறோம்? 'அடங்காத பிள்ளை' என்று முதுகில் ஓர் அறை வைக்கிறோம். புற உலகச் சிந்தனை இந்த இடத்தில் யாருக்கு இல்லை என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஆட்டிசம் ஒட்டுவாரொட்டி வியாதி இல்லை. பிறவியிலேயே மூளை வளர்கிற விதத்தில் உள்ள ஒரு வித்தியாசம் அது. ஆயுள் பரியந்தம் கூடவே இருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்பிப் பார்க்காது. 'அதோ நிலா' என்று விரல் நீட்டிக் காட்டாது. பேச்சு தாமதமாக வரும், சிலருக்கு வராமலே போகும். சிலர் கேட்டதையே திருப்பித் திருப்பிச் சொல்வார்கள். போகிற வழி மாறினால் அழுகை. ஒரே சக்கரத்தை மணிக்கணக்காகச் சுழற்றி ரசிப்பார்கள். இவை எல்லாம் எல்லோரிடமும் இருக்கும் என்பதில்லை. ஒருவர் கல்லூரியில் கணிதம் படிப்பார். இன்னொருவருக்கு முப்பது வயதிலும் சாதம் ஊட்டிவிட ஆள் வேண்டும். இருவருக்கும் பெயர் ஒன்றுதான். இதனால்தான் பார்க்கிறவர்களுக்கு இத்தனை குழப்பம்.

நூறு, நூற்றிருபது பேருக்கு ஒருவர் இப்படிப் பிறக்கிறார் என்பது உலகமெங்கும் வைத்தியர்கள் கொள்கிற ஏறக்குறையக் கணக்கு. கிருஷ்ணகிரி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். (ஏன் அந்த மாவட்டம் என்பது பின்னால் தெரியும்.) 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி அங்கே 18 லட்சத்து 79 ஆயிரம் பேர். ஓசூரிலோ பர்கூரிலோ ஐந்நூறு பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் இத்தகைய பிள்ளைகள் நாலைந்து பேர் இருக்க வேண்டும். நீங்கள் எந்தத் தலைமை ஆசிரியரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். 'எங்கள் பள்ளியில் அப்படி யாரும் இல்லை, சார்' என்று பெருமையோடு சொல்வார் பலபேர். இல்லையென்றால் எங்கே போனார்கள் அந்த நாலைந்து பேர்? ஆகாயத்திலா மறைந்தார்கள்?

வீட்டுக்குள் இருக்கிறார்கள். சிப்காட்டைச் சுற்றி வரிசை வரிசையாய் எழும்பியிருக்கிற லே-அவுட்டுகளில், அடைத்த ஜன்னல்களுக்குப் பின்னால் இருக்கிறார்கள். தகப்பன் காலை ஷிப்டுக்குப் போயிருப்பான். தாய் முன்பு தானும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், இப்போது நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி, 'நீ வேலை வேலை என்று ஓடினாய், பிள்ளையிடம் பேச ஆள் இல்லை, அதுதான் இப்படி' என்று ஆறுதல்போலச் சொல்லிவிட்டுப் போகிறாள். மாமியாரும் அதையே சொல்கிறாள், ஆறுதல் இல்லாமல்.

இந்தப் பழி நம் மாமியார்கள் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய பெரிய பண்டிதர்கள் சுமத்திய பழி. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கானர் 1943-ம் ஆண்டில் பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து இந்த நிலையை முதன் முதலாகத் தெளிவாக எழுதினார். பிறவியிலேயே வருவது என்றுதான் எழுதினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெற்றோர் பாசமற்ற, குளிர்ந்த மனிதர்களாய் இருக்கிறார்கள் என்றும் சேர்த்து எழுதி வைத்தார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, 'குளிர்பெட்டித் தாய்' என்று பட்டம் கட்டி, தாய்மார்களை ஒரு தலைமுறைக் காலம் வதைத்தார்கள். புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அதற்கு மூன்று வருஷம் முன்பே, தாமும் இத்தகைய பிள்ளைக்குத் தகப்பனான பெர்னார்டு ரிம்லண்ட் அந்த வாதத்தைக் கிழித்துப் போட்டிருந்தார் என்பது வேடிக்கை. கடைசியில் 1969-ல் பெற்றோர் சங்கக் கூட்டமொன்றில் கானரே எழுந்து நின்று, பெற்றோர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாகச் சொன்னார். தீர்ப்பு வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஓசூர் லே-அவுட்டுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

பழி ஒரு பக்கம் என்றால் வியாபாரம் ஒரு பக்கம். 'குணப்படுத்திவிடுகிறோம்' என்று விளம்பரம் செய்பவர்களைப் பற்றி நிறையச் சொல்லி என் பேனாவை அழுக்காக்க எனக்கு இஷ்டமில்லை. ஸ்டெம் செல் ஊசி போடுகிறோம் என்று லட்சக் கணக்கில் பிடுங்கினார்கள். ஆட்டிசத்துக்கு இதைச் சிபாரிசு செய்வதே வைத்திய தர்மத்துக்கு விரோதம் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-ல் சொல்லிவிட்டது. நகையை அடகு வைத்த தாய்க்கு அந்தப் பணம் திரும்புமா? தடுப்பூசியால் வருகிறது என்ற கதையும் அப்படித்தான். 1998-ல் அதை வெளியிட்ட இங்கிலாந்துப் பத்திரிகையே 2010-ல் அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கியது. மருந்தால் தீர்கிற விஷயம் இல்லை இது. படிப்பால், பயிற்சியால், வீட்டாரும் ஊராரும் கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் முன்னேறுகிற விஷயம். ஆகவே கேள்வி ஆஸ்பத்திரியில் இல்லை, பள்ளிக்கூடத்தில் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தார் சொல்லும் பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான். 'எங்களிடம் அதற்கு வசதி இல்லை. இப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற முறை எங்களுக்குத் தெரியாது. ஸ்பெஷல் ஸ்கூலில் சேருங்கள்.' மற்ற ஊர்க்காரர்கள் இப்படிச் சொன்னால் ஒரு வேளை மன்னிக்கலாம். ஓசூர்க்காரர்கள் சொல்லக் கூடாது. சொல்ல அவர்களுக்கு வாயில்லை. ஏனென்று சொல்கிறேன்.

எழுபதுகளில் சிப்காட் வந்ததற்கு முன் ஓசூர் என்ன ஊர்? கேழ்வரகும் காய்கறியும் விளைகிற, மலைமேல் சந்திரசூடேஸ்வரர் காவல் இருக்கிற, குளிர்ச்சியான ஒரு சின்ன ஊர். லேலண்டு லாரியும் டி.வி.எஸ். வண்டியும் டைட்டன் கடிகாரமும் செய்கிற ஊராக அது எப்படி ஆயிற்று? கடிகாரத் தொழிற்சாலைக்காரர்கள் சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளைக் கூட்டி வந்து, மயிரிழைபோன்ற பாகங்களைக் கோத்துக் கடிகாரம் கட்டக் கற்றுக் கொடுத்தார்கள். அதற்கு முன் கடிகாரத்தின் உள்ளே எட்டிக்கூடப் பார்த்திராத பிள்ளைகள். காது கேளாதவர்களையும் எடுத்து வேலை கொடுத்தார்கள். எப்படி முடிந்தது? திட்டியா, அடித்தா, தேர்வு வைத்தா?

எந்தத் தொழிற்சாலைக்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு மேஜைக்கு எதிரிலும் ஒரு படம் தொங்கும். முதலில் இதை எடு, அடுத்து இதை வை, பிறகு இதை முடுக்கு என்று வரிசையாகப் படம். எடுக்க வேண்டிய பொருள் இடது பக்கத்துத் தட்டில்; முடிந்த பொருள் வலது பக்கத்துத் தட்டில். தரையில் மஞ்சள் கோடு: இங்கே நட, இங்கே நிற்காதே. சுத்தியலுக்குச் சுவரில் சுத்தியல் வடிவத்திலேயே இடம் வரைந்திருக்கும். பாகத்தைத் தலைகீழாக வைத்தால் உட்காரவே உட்காராதபடி அச்சைச் செய்து வைத்திருப்பார்கள். தொழிலாளி தவறு செய்தால், 'தவறு செய்ய எங்கே இடம் வைத்தோம்?' என்று எஞ்சினியர்கள் தங்களையே கேட்டுக்கொள்வார்கள். இந்த ஒழுங்குக்காகத்தான் டி.வி.எஸ். மோட்டார் கம்பெனிக்கு 2002-ல் ஜப்பானியரின் டெமிங் பரிசு கிடைத்தது.

இனி வட கரோலினாவுக்கு வாருங்கள். அமெரிக்காவில் உள்ள ஒரு மாநிலம் அது. அங்கே எரிக் ஷாப்லர் என்ற மனோதத்துவ நிபுணர், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென்று ஒரு கல்வி முறையை வகுத்தார். 1972 முதல் மாநிலம் முழுவதும் அது நடைமுறைக்கு வந்தது. தாய் தகப்பனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல் கூட இருந்து சொல்லிக் கொடுப்பவர்களாக்கியது அதன் முதல் புண்ணியம். அந்த வகுப்பறை எப்படி இருக்கும் தெரியுமா? பிள்ளைக்கு எதிரே அன்றைய வேலைகள் படங்களாக வரிசையாக ஒட்டியிருக்கும். செய்ய வேண்டியது இடது பக்கம், முடிந்தது வலது பக்கத்துக் கூடையில். படிக்கிற இடம், விளையாடுகிற இடம், ஓய்வெடுக்கிற இடம் எல்லாம் கண்ணால் பார்த்ததும் புரிகிறபடி பிரித்திருக்கும். வாய்ச் சொல் காற்றோடு போய்விடும், படம் நிற்கும். அடுத்து என்ன வரப் போகிறது என்று தெரிந்துவிட்டால் அந்தப் பிள்ளையின் பயம் பாதி அடங்கிவிடும்.

ஓசூர்க்காரரே, இந்த வகுப்பறையை நீங்கள் எங்கோ பார்த்த மாதிரி இல்லை? தினம் எட்டு மணி நேரம் அதற்குள்தானே நிற்கிறீர்கள்! தகப்பன் வேலை செய்கிற இடத்துச் சுவரில் தொங்குகிற முறையை, அவன் மகன் படிக்கப் போகிற இடத்தில், 'எங்களுக்குத் தெரியாது' என்கிறார்கள். பத்து அட்டை, ஒரு பசைப் புட்டி, இரண்டு கூடை. இதற்குப் பெயர் வசதி இல்லையாம்.

'பிள்ளைகளை யந்திரமாக்கச் சொல்கிறீரா?' என்று நம் வாசகர்களில் மென்மனம் படைத்த ஒருவர் கேட்பது என் காதில் விழுகிறது. இல்லை, அம்மணி. தொழிலாளிக்குக் காட்டுகிற மரியாதையைப் பிள்ளைக்கும் காட்டுங்கள் என்கிறேன். அந்தத் தவறுதலைத் தடுக்கும் அச்சுக்கு ஜப்பானில் முதலில் 'பாகா யோகே' என்று பெயர். முட்டாள்களிடமிருந்து காப்பு என்று அர்த்தம். 1963-ல் ஒரு தொழிற்சாலையில் அதைக் கேட்ட ஒரு பெண் தொழிலாளி, நான் அவ்வளவு முட்டாளா என்று அழுதுவிட்டாளாம். ஷிகியோ ஷிங்கோ என்ற அந்த எஞ்சினியர் பெயரை உடனே 'போகா யோகே' என்று மாற்றினார், தவறுதலிலிருந்து காப்பு. ஒரு தொழிலாளியின் கண்ணீருக்காகப் பட்டறையில் பெயரை மாற்றினார்கள். நம் சர்க்காருக்கு எத்தனை தாய்மாரின் கண்ணீர் வேண்டுமோ!

முறை தெரிந்தால் மட்டும் போதுமா, மனசு வேண்டாமா என்றால், வேண்டும். அதற்கும் சாட்சி இருக்கிறது. கானர் எழுதிய பதினொரு பேரில் முதல்வன் டொனால்டு டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிறிய ஊர். பையனுக்கு எதைப் பார்த்தாலும் அளக்க வேண்டும், எண்ண வேண்டும். ஒரு விவசாயத் தம்பதியிடம் அவனை விட்டு வைத்தார்கள். அவர்கள் பட்டம் பெற்றவர்கள் இல்லை. அளக்க வேண்டும் என்கிறாயா, இந்தா, கிணறு தோண்டு, எவ்வளவு ஆழம் போயிற்று என்று அளந்து சொல் என்றார்கள். சோளக் கொல்லையில் வரிசையை ஓயாமல் எண்ணிக்கொண்டிருந்தான். சரி, உழுதுகொண்டே எண்ணு என்று கலப்பையைக் கையில் கொடுத்தார்கள். கானர் போய்ப் பார்த்தபோது பையன் குதிரையை ஓட்டி நீளமான ஆறு வரிசை உழுது காட்டினான். பிறகு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கல்லூரியில் பட்டம் வாங்கினார், உள்ளூர் பாங்கில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ப் ஆடினார், தேசம் தேசமாகத் தனியே சுற்றி வந்தார். 2023-ல் காலமானபோது வயது 89. தகப்பனுக்குப் பணமும் செல்வாக்கும் இருந்தது உண்மைதான். பாங்கே அவர்கள் குடும்பத்தைச் சேர்ந்தது. எல்லாப் பிள்ளைகளும் டொனால்டு ஆகிவிடுவார்கள் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிணற்றுக்கும் கலப்பைக்கும் எவ்வளவு பணம் செலவாயிற்று? தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயிக்கு இது முடியாத காரியமா?

நம் கதைக்காரர்களையும் சினிமாக்காரர்களையும் இங்கே ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நம் கதைகளில் இத்தகைய பிள்ளை வந்தால் ஒன்று கண்ணீருக்கு வருவான், அல்லது கடைசி அத்தியாயத்தில் ஏதாவது பெரிய சாதனை செய்வான். 2013-ல் வந்த 'ஹரிதாஸ்' நல்ல எண்ணத்தோடு எடுத்த படம். தகப்பன் மகன் உறவைக் காட்டிய விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதிலும் பையன் ஓட்டப் பந்தய வீரனாக வேண்டியிருக்கிறது. பந்தயத்தில் தோற்கிற பிள்ளைக்கு வகுப்பில் இடம் உண்டா இல்லையா? அதை யாரும் எழுதக் காணோம்.

ஓசூருக்கே உரிய இன்னொரு சங்கடம் உண்டு. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் அல்லது இங்கிலீஷ், பக்கத்து அறைத் தொழிலாளி பேசுவது ஹிந்தி. இந்த ஊருக்கு அது அழகு. பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்றதும், 'இத்தனை பாஷையால்தான் குழம்புகிறான்; வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்' என்று ஆலோசனை சொல்லிவிடுகிறார்கள். பல தேசங்களில் ஆராய்ந்து பார்த்ததில், இரண்டு பாஷை கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் கெடுதல் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கெடுதல் வேறு இடத்தில் வருகிறது. தெலுங்கில் தாலாட்டத் தெரிந்த தாய், தனக்குச் சரியாக வராத இங்கிலீஷில் 'கம், ஈட், ஸிட்' என்று மூன்று சொல்லோடு நின்றுவிடுகிறாள். பாட்டி வாயை மூடிக்கொள்கிறாள். பேச்சே அரிதான பிள்ளைக்கு வீட்டில் இருந்த பேச்சையும் நிறுத்தியாயிற்று!

இதில் விசித்திரம் என்னவென்றால், தேசத்திலேயே பெரிய மனநல ஆஸ்பத்திரிகளில் ஒன்றான நிம்ஹான்ஸ் பெங்களூரில் இருப்பது ஓசூர் ரோட்டில். இந்த ஊரின் பெயரைத் தாங்கிய அதே ரோடு, நாற்பது கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரம். பிள்ளைக்கு என்ன என்று அங்கே சொல்லிவிடுகிறார்கள். அத்திப்பள்ளி தாண்டி, ஜூஜுவாடி தாண்டி வீட்டுக்குத் திரும்பி வந்தபிறகு, திங்கட்கிழமை காலை பிள்ளை எங்கே போவான் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

சட்டம் சொல்கிறது. 1995-ம் வருஷத்துச் சட்டம் ஏழு வகை ஊனங்களைத்தான் கண்டது. ஆட்டிசம் அதில் இல்லை. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் ஏறியது. 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகையில் ஒன்றாக அதை வைத்தது. அரசாங்கப் பணத்தில் நடந்தாலும் சரி, அரசாங்க அங்கீகாரம் மட்டும் பெற்றிருந்தாலும் சரி, பாகுபாடு காட்டாமல் பள்ளி இவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாற்பது சதவிகிதமும் அதற்கு மேலும் பாதிப்பு என்று சான்று பெற்ற பிள்ளைக்கு ஆறு வயது முதல் பதினெட்டு வரை இலவசக் கல்வி; பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது பிள்ளையின் விருப்பம், தலைமை ஆசிரியரின் விருப்பம் இல்லை. ஆரம்ப வகுப்புகளில் இத்தகைய பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று 2022-ல் மத்திய சர்க்காரும் விதி வகுத்துவிட்டது. நம் வட்டார வள மையங்களின் சிறப்புப் பயிற்றுநர்கள் ஒப்பந்தச் சம்பளத்தில், ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு பஸ் ஏறி அலைகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, பரிதாபம்தான்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். உங்கள் தெருவில் அடைத்த ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பிள்ளை இருந்தால், அந்தத் தாய் தனியாக அந்தப் பள்ளி வாசலுக்குப் போக வேண்டியிருக்கிறது. போய் நின்று, கேட்டு, திரும்பி வருகிறாள். நீங்கள் கூடப் போங்கள். இடமில்லை என்றால் அதை ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேளுங்கள். எழுதித் தருவதற்குப் பெரும்பாலும் யாருக்கும் தைரியம் வராது. தந்துவிட்டால் இன்னும் நல்லது. கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமைதோறும் மனு வாங்குகிறார்கள். ஓசூரிலிருந்து பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை.